பார்க் ஸ்டேஷனுக்குப் பெயர் தந்த கவர்னர்... அயர்லாந்து மறக்காத சோளக் கணக்கு!

தாம்பரத்துல ஏறி பீச் லோக்கல்ல போறவங்களுக்கு பார்க் ஸ்டேஷன் தெரியாம இருக்காது. சென்ட்ரலுக்குப் போகணும்னா அங்கேதான் இறங்கி, பையைத் தூக்கிக்கிட்டு ஓடுவோம். ஆனா, அந்த ஸ்டேஷன் பேர்ல இருக்கிற ‘பார்க்’ எங்கே இருக்குன்னு என்னைக்காவது தேடிப் பார்த்திருக்கீங்களா?

இருந்தது. 1859-ல் திட்டமிடப்பட்ட 116 ஏக்கர் ‘பீப்பிள்ஸ் பார்க்’. குளங்கள், நடைபாதைகள், பேண்ட் வாத்தியம் என்று மெட்ராஸ் ஜனங்கள் சாயங்காலம் காத்து வாங்கப் போன இடம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டு போட்டுத்தான் விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு ஸ்டேடியம் எல்லாம் வந்தன. அங்கே இருந்த மிருகக்காட்சி சாலையைத்தான் பிற்பாடு வண்டலூருக்கு மாற்றினார்கள். லீவு நாள்ல நீங்க போய் வெள்ளைப்புலி பார்த்துட்டு வர்றீங்களே, அதோட பழைய வீடு பார்க் ஸ்டேஷன் பக்கம்தான்.

இந்தப் பூங்காவுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் மெட்ராஸ் கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன். இங்கே அவருக்கு நல்ல பெயர். அயர்லாந்துக்குப் போய் அதே பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். ஒரு தேசமே பட்டினியில் கிடந்தபோது கஜானா சாவியைக் கையில் வைத்திருந்த அதிகாரி அவர். ஒரே மனிதருக்கு எப்படி இப்படி இரண்டு பெயர்? கதையைக் கொஞ்சம் முன்னாடி போய் ஆரம்பிப்போம்.

லஞ்சம் வாங்காத பையன்

1807-ல் இங்கிலாந்தின் டான்டன் நகரில் பிறந்தார் ட்ரெவெல்யன். அப்பா பாதிரியார். பக்தியும் ஒழுங்கும் கண்டிப்பும் நிறைந்த வீடு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளுக்காக நடத்திய ஹெய்லிபரி கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர் மால்தஸ். ஆமா, ஸ்கூல்ல படிச்சிருப்பீங்களே, மக்கள்தொகை பெருகுற வேகத்துக்குச் சாப்பாடு பெருகாதுன்னு சொன்ன அதே மால்தஸ். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கங்க.

1826-ல் கம்பெனி வேலைக்கு இந்தியா வந்தவர், டெல்லியில் போஸ்டிங்கில் இருந்தார். 22 வயதில் தன்னுடைய மேலதிகாரி எட்வர்டு கோல்புரூக் லஞ்சம் வாங்குகிறார் என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். கோல்புரூக் செல்வாக்கான மனிதர். ஆபீஸ் முழுக்க ட்ரெவெல்யனுக்கு எதிராகத் திரும்பியது. அவர் அசையவில்லை. விசாரணை நடந்தது, கோல்புரூக் வேலையை இழந்தார். பையன் நேர்மையானவன், பிடிவாதக்காரன், தான் சொல்வதுதான் சரி என்று நம்புகிறவன். மூன்றுமே கடைசிவரை மாறவில்லை.

அடுத்து கல்கத்தா. அங்கே மெக்காலேயின் தங்கை ஹன்னாவை 1834-ல் கல்யாணம் செய்துகொண்டார். இந்தியர்களுக்கு ஆங்கிலக் கல்விதான் கொடுக்க வேண்டும் என்று மச்சான் மெக்காலேயோடு சேர்ந்து குரல் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். அதோடு நிற்கவில்லை. இந்திய மொழிகளை எல்லாம் ஆங்கில எழுத்திலேயே எழுதிவிடலாம் என்று ஒரு பிரசாரமே நடத்தினார். அன்றைக்கு அது எடுபடவில்லை. நீங்க வாட்ஸ்அப்ல தங்கிலீஷ்ல டைப் பண்றதைப் பார்த்திருந்தா மனுஷன் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்!

1838-ல் ஊர் திரும்பினார். 1840-ல் லண்டனில் கஜானாத் துறையின் உதவிச் செயலாளர் ஆனார். அமைச்சர்கள் வருவார்கள், போவார்கள். அங்கேயே இருப்பது இந்த நாற்காலிதான். அரசாங்கத்தின் ஒவ்வொரு பைசாவும் இவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கூடை நிறைய உருளைக்கிழங்கு

இப்போ அயர்லாந்து சமையற்கட்டுக்குப் போவோம். அடுப்பு எரிவது விறகால் அல்ல, சதுப்பு நிலத்தில் வெட்டி எடுத்துக் காயவைத்த கரி மண்ணால். மேலே ஒரு இரும்புப் பானை, அது நிறைய உருளைக்கிழங்கு. வெந்ததும் தண்ணீரை வடித்து, தட்டையான கூடையில் கொட்டுவார்கள். குடும்பமே சுற்றி உட்கார்ந்து கையாலேயே தோலை உரித்து, உப்பைத் தொட்டு, மோரைக் குடித்துக்கொண்டே சாப்பிடும். கடலோரம் என்றால் கொஞ்சம் மீன். விசேஷ நாளில் முட்டைக்கோஸும் வெண்ணெயும் சேர்த்து மசித்த கிழங்கு. நம்ம ஊர்ல பழைய சோறும் மோரும் வெங்காயமும் மாதிரிதான்னு வெச்சுக்கங்களேன். வயலில் வேலை செய்யும் ஒரு ஆண் ஒரு நாளைக்கு 5 கிலோவுக்கு மேல் உருளைக்கிழங்கு சாப்பிட்டார் என்றால் நம்புவீர்களா? அதுவும் மோரும் சேர்ந்தால் உடம்புக்கு வேண்டியது பெரும்பாலும் கிடைத்துவிடும். ஏழைகளாக இருந்தாலும் திடமாக இருந்தார்கள்.

கோதுமை, ஓட்ஸ், மாடு, பன்றி, வெண்ணெய் எல்லாமும் அயர்லாந்தில் இருந்தது. ஆனால் அது வாடகை கட்ட. நிலம் ஜமீன்தார்களுடையது, பலர் இங்கிலாந்தில் இருந்தார்கள். விளைந்த நல்ல பொருளை விற்று வாடகை கட்டிவிட்டு, மிச்சமிருக்கும் துண்டு நிலத்தில் கிழங்கு போட்டுப் பிழைத்தார்கள். கொஞ்சம் இடத்தில் ஒரு குடும்பத்துக்கே சோறு போடும் பயிர் அது ஒன்றுதான். அதிலும் பெரும்பாலும் ‘லம்பர்’ என்ற ஒரே ரகம். 80 லட்சத்துக்கும் கொஞ்சம் அதிகமான ஜனத்தொகையில் சுமார் 30 லட்சம் பேருக்கு உருளைக்கிழங்கை விட்டால் வேறு சாப்பாடு கிடையாது.

1845 இலையுதிர் காலத்தில் ஒரு பூஞ்சை மாதிரியான நோய் வந்தது. இலை கறுத்தது, தோண்டிய கிழங்கு குழைந்து நாறியது. அந்த வருஷம் மகசூலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. 1846-ல் ஏறக்குறைய மொத்தமும்.

பெயர்தான் இந்தியச் சோளம்

அப்போதைய பிரதமர் பீல், அமெரிக்காவில் இருந்து 1 லட்சம் பவுண்ட் மதிப்புள்ள மக்காச்சோளத்தை ரகசியமாக வாங்கினார். அதற்கு அங்கே ‘இந்தியச் சோளம்’ என்று பெயர். நம்மை வைத்து அல்ல, அமெரிக்கப் பழங்குடியினரை வைத்து. கல் மாதிரி கெட்டியான சோளம். இரண்டு தரம் அரைக்க வேண்டும், நேரம் எடுத்து வேகவைக்க வேண்டும். கிழங்கை வேகவைத்து மட்டுமே பழகிய ஊரில் அதற்கான மில்லும் இல்லை, பக்குவமும் தெரியவில்லை. அரைகுறையாக வெந்த மாவைச் சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்தது. மஞ்சள் நிறத்தைப் பார்த்து, பீலின் கந்தகம் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கிழங்கில் கிடைத்த வைட்டமின் சி சோளத்தில் இல்லை. ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கிராமங்களில் தலைகாட்டியது.

ஆனாலும் அந்தச் சோளம் முதல் வருஷத்தில் உயிரைக் காப்பாற்றியது. 1846-ல் பீல் ஆட்சி போனது, ரஸ்ஸல் வந்தார். இங்கேதான் ட்ரெவெல்யனின் கை ஓங்குகிறது. அரசாங்கம் தானியம் வாங்கி விற்றால் வியாபாரிகள் ஒதுங்கிவிடுவார்கள், சந்தையைத் தொடாமல் விட்டால் அதுவே உணவைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று அவர் நம்பினார். தானியக் கிடங்குகள் சுருக்கப்பட்டன. அந்த இலையுதிர் காலத்தில் அயர்லாந்தின் சொந்த ஓட்ஸ் கப்பலேறி வெளியே போய்க்கொண்டிருந்தது. தடுக்கச் சொன்னவர்களுக்கு மறுப்புதான் பதில்.

இனாமாகக் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறி ஆவார்கள் என்பது இன்னொரு நம்பிக்கை. அதனால் வேலைக்குக் கூலி. எலும்பும் தோலுமான ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் கடும் பனியில் கல் உடைத்தார்கள், ரோடு போட்டார்கள். தனியார் நிலத்துக்கு லாபம் போய்விடக் கூடாது என்ற விதி இருந்ததால் எங்கேயும் போய்ச் சேராத ரோடுகள் போடப்பட்டன. சில இன்றைக்கும் மலைச்சரிவில் பாதியில் நிற்கின்றன. 1847 மார்ச்சில் 7 லட்சம் பேருக்கு மேல் இந்த வேலையில் இருந்தார்கள். கூலி வருவதற்குள் மாவு விலை ஏறிவிடும். வேலைக்கு நடந்துபோகும் வழியிலேயே விழுந்து செத்தவர்கள் உண்டு.

மணி அடிச்சா சூப்பு

கடைசியில் அரசாங்கமே இறங்கி வந்தது. 1847-ல் சூப்புக் கூடங்கள். லண்டனின் நட்சத்திர செஃப் அலெக்ஸிஸ் சோயர் டப்ளினுக்கு வந்து ஏப்ரலில் ஒரு மாதிரிச் சமையல்கூடம் திறந்தார். ஒரே நேரத்தில் 100 பேர் உள்ளே. மேஜையில் கிண்ணம், கிண்ணத்தோடு சங்கிலியில் கட்டிய ஸ்பூன். மணி அடித்தால் உட்கார வேண்டும், சுமார் 6 நிமிஷத்தில் எழுந்துவிட வேண்டும், அடுத்த 100 பேர். அவருடைய ஒரு செய்முறையில் 9 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராமுக்குச் சற்றே அதிகமான மாட்டிறைச்சி. மிச்சம் வெங்காயம், மாவு, பார்லி. திறப்பு விழாவில், பட்டினி கிடந்தவர்கள் சாப்பிடுவதைப் பார்க்க வசதியானவர்கள் 5 ஷில்லிங் டிக்கெட் வாங்கி வந்தார்கள். பணம் தர்மத்துக்குத்தான் போனது. இருந்தாலும், அந்த வரிசையில் நின்று சாப்பிடுவதாக உங்களை நினைத்துப் பாருங்கள்.

நம்ம ஊருக்கு இது புதுசில்லை. அயர்லாந்துக்கு 65 வருஷம் முந்தி, 1782 பஞ்சத்தில் மெட்ராஸில் தொடங்கிய கஞ்சி ஊற்றும் இடம்தான் மணியக்காரர் சத்திரம். அதை ஒட்டி வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வடசென்னைப் பெரியவர்கள் இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள்.

அயர்லாந்தில் விஷயம் என்னவென்றால், அந்தச் சூப்பு வேலை செய்தது. 1847 ஜூலையில் தினமும் சுமார் 30 லட்சம் பேர் சாப்பிட்டார்கள். செலவும் ரோடு போட்டதைவிடக் குறைவு. மனசு வைத்தால் இத்தனை பேருக்கு அரசாங்கத்தால் சோறு போட முடியும் என்று நிரூபணமே ஆகிவிட்டது. அந்தக் கோடையில் வந்த கொஞ்சநஞ்சக் கிழங்கில் நோய் இல்லை. அதைச் சாக்காக வைத்து, இலையுதிர் காலத்துக்குள் கூடங்களை மூடிவிட்டார்கள். விதைக் கிழங்கையே தின்றுவிட்ட ஜனங்கள் எவ்வளவு நட்டிருப்பார்கள் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இனிமேல் அயர்லாந்தின் ஏழைகளுக்கு அயர்லாந்தின் சொத்துவரிதான் பொறுப்பு என்றார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர் உதவி கேட்டால், நிலத்தை முதலில் விட்டுத்தர வேண்டும். சோறா, வீடா என்று கேட்ட சட்டம் அது.

என்னைக் கேட்டால் ட்ரெவெல்யன் மேல் விழும் பெரிய குற்றச்சாட்டு சோளம் அல்ல, இந்த மூடல்தான். 1848 ஜனவரியில் பஞ்சம் முடிந்துவிட்டது என்ற தொனியில் நீண்ட கட்டுரை எழுதினார். இது அயர்லாந்தைத் திருத்தக் கடவுள் அனுப்பிய பாடம் என்பது அதன் சாரம். அதே வருஷம் நோய் மறுபடி வந்தது. அதே வருஷம் பஞ்ச நிவாரணப் பணிக்காக அவருக்கு சர் பட்டமும் வந்தது.

அவர் தனி ஆளாக முடிவெடுக்கவில்லை, மேலே பிரதமரும் நிதியமைச்சரும் இருந்தார்கள் என்று வாதாடும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். ஆனால், அமைச்சர்கள் தயங்கிய இடத்திலும் இவர் தயங்கவில்லை. சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் கப்பலேறினார்கள். 1841-ல் 81 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1851-ல் 65 லட்சம். இத்தனைக்கும் இங்கிலாந்து ஒன்றும் ஓட்டாண்டி அல்ல. 1833-ல் அடிமை முறையை ஒழித்தபோது, அடிமை முதலாளிகளுக்கு நஷ்டஈடாக 2 கோடி பவுண்ட் ஒதுக்கிய தேசம். கிரெனடா தீவில் தோட்டம் வைத்திருந்த ட்ரெவெல்யனின் உறவினர்களும் அதில் பங்கு வாங்கியவர்கள். பஞ்சத்துக்குக் கஜானா செலவழித்தது அதில் பாதிகூட இல்லை.

இடையில் ஒரு விஷயம்: அயர்லாந்துக்காக ஆரம்பத்திலேயே வசூல் நடந்த ஊர்களில் ஒன்று கல்கத்தா. கம்பெனி பட்டாளத்தில் இருந்த ஐரிஷ் சிப்பாய்களும் மற்றவர்களும் சேர்ந்து 1846-லேயே சுமார் 14,000 பவுண்ட் திரட்டினார்கள்.

கிண்டிக்கு வந்த கவர்னர்

1854-ல் நார்த்கோட்டோடு சேர்ந்து இன்னொரு அறிக்கை கொடுத்தார் ட்ரெவெல்யன். அரசு வேலையைச் சிபாரிசில் கொடுக்காதீர்கள், பரீட்சை வைத்து எடுங்கள் என்றது அது. பிரிட்டன் அரசுப் பணியின் அடித்தளமே அதுதான். டி.என்.பி.எஸ்.சி கோச்சிங் சென்டர்ல மாடிப்படி ஏறிக்கிட்டிருக்கிற உங்களுக்கு, போட்டித் தேர்வுங்கிற யோசனையோட மூதாதைகள்ல ஒருத்தர் இவர்.

1859 மார்ச்சில் மெட்ராஸ் கவர்னராக வந்தார். இங்கே வேறு ஆளைப் பார்க்கிறோம். மாகாணத்தின் போலீஸ் அமைப்பைப் புதுசாக்கிய சட்டம் அந்த வருஷம்தான் வந்தது. கறுப்பர் நகரத்து நெரிசலில் வாழ்ந்தவர்களுக்காகப் பூங்கா யோசனை வந்தது. ஜனங்களுக்கு அவரைப் பிடித்திருந்தது.

1860-ல் கல்கத்தாவில் நிதி உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் வில்சன், இந்தியாவுக்கு முதல் வருமான வரியைக் கொண்டுவந்தார். எகனாமிஸ்ட் பத்திரிகையைத் தொடங்கியவர், இன்றைய ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கியின் முன்னோடியை நிறுவியவர். அயர்லாந்து பஞ்சத்தின்போது அரசாங்கம் தலையிடக் கூடாது என்று எழுதியதும் அவருடைய பத்திரிகைதான். அதாவது ட்ரெவெல்யனும் அவரும் ஒரே கட்சி. ஆனால் இப்போது ட்ரெவெல்யன் எதிர்த்து நின்றார். 1857 கலகத்தின் சூடு ஆறவில்லை, ஜனங்கள் மேல் புது வரி போடுவதை விட்டுவிட்டு, அரசாங்கம் தன் செலவைக் குறைக்கட்டும் என்றார். ரகசியக் கோப்பில் எழுதியதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டார். டெல்லியில் மேலதிகாரியை மாட்டிவிட்ட அதே பையன்! லண்டன் உடனே திரும்பக் கூப்பிட்டது. 14 மாசத்தில் கவர்னர் உத்தியோகம் முடிந்தது.

வருமான வரி 1860 ஜூலை 24-ல் சட்டமானது. வருமான வரித்துறை இன்றும் அந்தத் தேதியைக் கொண்டாடுகிறது. வில்சன் அடுத்த மாசமே கல்கத்தாவில் வயிற்றுக் கடுப்பில் இறந்துபோனார். சில வருஷங்களில் அதே நிதி உறுப்பினர் நாற்காலியில் ட்ரெவெல்யனே வந்து உட்கார்ந்தார். 1865-ல் அந்த வரி காலாவதியானது.

கிண்டியில் இருந்தபோது ஏழைக்காக வரியை எதிர்த்தவர், லண்டனில் இருந்தபோது ஏழைக்குச் சூப்பை நிறுத்தினார். எனக்குத் தோன்றுவது இதுதான்: இரண்டுமே அவருக்கு ஒரே கணக்கு. அரசாங்கம் அதிகமாக வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. மெட்ராஸில் அந்தக் கணக்கால் நமக்கு லாபம். அயர்லாந்தில் செத்தார்கள்.

தாது வருஷம்

கணக்கு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. 1876-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம். செங்கல்பட்டு ஜில்லா கிராமங்களில் இருந்து ஜனங்கள் மெட்ராஸை நோக்கி நடந்தார்கள். கற்றாழைக் கிழங்கையும் புளியங்கொட்டையையும் தின்றார்கள். மெட்ராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் காவலோடு மலையாகக் கிடந்தன. வாங்கத்தான் ஜனங்களிடம் காசு இல்லை. செலவைக் கட்டுப்படுத்த 1877 ஜனவரியில் வந்தவர் ரிச்சர்டு டெம்பிள். ஒரு காலத்தில் ஜேம்ஸ் வில்சனிடம் வேலை பார்த்தவர். மூன்று வருஷம் முன்பு பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசி இறக்கி உயிர்களைக் காப்பாற்றி, ஏகப்பட்ட செலவு செய்துவிட்டார் என்று திட்டு வாங்கியவரும் அவரே. இந்த முறை கறாராக இருந்தார். நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு 450 கிராம் தானியத்துக்கான காசும் அதற்கு மேல் ஒரு அணாவும்தான் கூலி. 1847-ல் அயர்லாந்தில் மாவாகக் கொடுத்தபோதும் ஒருவருக்கு நிர்ணயித்த அளவு அதே 450 கிராம். இது போதாது, ஆட்கள் கரைகிறார்கள் என்று மாகாணத்தின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் புள்ளிவிவரத்தோடு சண்டை போட்டார். கூலி பிறகு கொஞ்சம் உயர்ந்தது. அதற்குள் லட்சக்கணக்கில் இறந்திருந்தார்கள்.

வேளச்சேரியில் இருந்து பறக்கும் ரயில்ல போறவங்க ஜன்னல் வழியா கீழே பாருங்க. மந்தைவெளி, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் தூண்கள் நிற்கிறதே பக்கிங்ஹாம் கால்வாய், அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் அந்த 8 கிலோமீட்டரை 1877-78ல் பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு. நாத்தத்துக்கு மூக்கைப் பொத்துறோமே, அது பட்டினி கிடந்தவங்க வெட்டின மண்ணு.

ட்ரெவெல்யன் அப்போது உயிரோடுதான் இருந்தார். 70 வயது, இங்கிலாந்தில் ஓய்வு. ஹன்னா 1873-ல் இறந்திருந்தார். 1886 ஜூன் 19-ல் லண்டனில் காலமானார். அதற்கு நாலு வருஷம் முன்பு, 1882-ல், அவருடைய மகன் ஜார்ஜ் ஓட்டோவை அயர்லாந்தின் தலைமைச் செயலாளராக அனுப்பியிருந்தது லண்டன் அரசு. எந்தப் பெயரைக் கேட்டால் அந்த ஊர் முகம் சுளிக்குமோ, அதே பெயரோடு போய் இரண்டு வருஷம் டப்ளினில் உத்தியோகம் பார்த்தார்.

1970-களில் பீட் செயின்ட் ஜான் என்ற ஐரிஷ்காரர் ‘தி ஃபீல்ட்ஸ் ஆஃப் ஆதென்ரை’ என்று ஒரு பாட்டு எழுதினார். பஞ்சத்தில் பிள்ளைக்காக ட்ரெவெல்யனின் சோளத்தைத் திருடி, கப்பலில் நாடு கடத்தப்படும் ஒரு அப்பனின் கதை. யூடியூப்ல தேடிக் கேளுங்க. அயர்லாந்து ரக்பி ஆடும்போதும், கிளாஸ்கோவில் செல்டிக் ஃபுட்பால் ஆடும்போதும் பல்லாயிரம் பேர் எழுந்து நின்று அதைப் பாடுவார்கள். பூங்கா வைத்த கவர்னரின் பெயர் அந்தப் பாட்டின் முதல் பத்தியிலேயே வரும்.